பாம்புக்குப் போர்த்திய பொன்னாடை

ஒரு காட்டில் ஒரு பாம்பு இருந்தது. காட்டில் பாம்பு இருப்பதில் செய்தி ஒன்றும் இல்லை. அதைப் பார்க்க வரிசை நின்றது. அதுதான் செய்தி.

பாம்பின் பெயர் மாடத்தி. வாலில் கிலுகிலுப்பை உள்ள இனம். அந்த இனம் நம் பக்கத்து மலைகளில் கிடையாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இந்தக் கதையில் வருகிற மலைக்கு அவர்கள் போனதில்லை.

மலையின் கிழக்குச் சரிவில், ஓடைக்கு மேலே, ஆமை முதுகு மாதிரி ஒரு பாறை இருந்தது. நடுவில் ஒரு பிளவு. காலையில் மலைக்கு வருகிற முதல் வெயில் அந்தப் பாறையில்தான் விழும். பிளவுக்குள் சூடு சாயங்காலம் வரைக்கும் நிற்கும். மாடத்தி அங்கேதான் பிறந்தாள். இப்போது அவள் வயிற்றிலும் குட்டிகள் இருந்தன. அவள் இனம் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிற இனம் இல்லை. குட்டி போடுகிற இனம். வயிற்றில் இருக்கும் குட்டிகளுக்குத் தாய் கொடுக்க வேண்டியது சூடு மட்டும்தான். பாம்புக்கோ சொந்தமாகச் சூடு கிடையாது. வெயிலில் கிடந்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும். வெயில் கிடைக்காவிட்டால் குட்டிகள் வயிற்றுக்குள்ளேயே விறைத்துப்போகும். தாயும் சேர்ந்து போவாள்.

பாறையின் மறுகோடியில் தளவாய் என்கிற உடும்பு குடியிருந்தார். இரண்டு பேரும் பேச்சில் கடித்துக்கொள்வார்கள். பல்லால் கடித்துக்கொண்டதில்லை.

மாடத்திக்கும் காட்டுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. யாராவது பக்கத்தில் வந்தால் அவள் வாலை ஆட்டுவாள். கிலுகிலுவென்று சத்தம் வரும். "நான் இருக்கேன், பாத்துப் போ" என்று அதற்கு அர்த்தம். மான் கேட்டால் விலகிப் போகும். காட்டுப்பன்றி கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே விலகிப் போகும். எவரையும் அவள் கடிக்க வேண்டி வந்ததில்லை. சத்தம் கொடுக்காமல் கடிப்பதை அவள் குலத்தில் கேவலமாக நினைப்பார்கள். சத்தம் கொடுத்தும் விலகாதவர்கள் அந்தக் காட்டில் அதுவரை பிறக்கவில்லை.

அந்தக் காட்டுக்குத் தலைவர் ஒரு மயில். பெயர் நவரத்தினம். அவர் எப்படித் தலைவரானார் என்று யாரும் கேட்கவில்லை. ஒருநாள் தோகையை விரித்தார். எல்லோரும் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் ஆதரித்தவர்கள் என்று முடிவாகிவிட்டது. கோடையில் ஓடை வற்றியபோது மூக்கால் மண்ணைக் கிண்டி ஊற்று எடுத்தது காட்டுப்பன்றி. சரிவில் நடக்கப் பாதை போட்டது யானை. ஊற்றுக்கு "நவரத்தினம் ஊற்று" என்று பெயர். பாதைக்கு "நவரத்தினம் சாலை" என்று பெயர். பன்றி இன்றைக்கும் அந்த ஊற்றில் கடைசி ஆளாக நின்றுதான் தண்ணீர் குடிக்கிறது.

தலைவர் ஒருமுறை மலையை விட்டு இறங்கிக் கீழே ஊர்ப்பக்கம் போய்விட்டு வந்தார். வந்ததும் கூட்டம் போட்டார்.

"கீழ இருக்கிறவங்களுக்கு எல்லாம் இருக்கு. ஆனா இயற்கை இல்ல. அதுக்காக ஏங்கிக் கிடக்காங்க. நம்மகிட்ட இயற்கை சும்மா கிடக்கு. கிலுகிலுப்பைப் பாம்பை அதன் இயற்கையான வாழிடத்திலேயே காணலாம்னு ஒரு பயணம் ஏற்பாடு பண்ணப் போறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். மாடத்தி கூட்டத்துக்கு வரவில்லை. மயில் பாம்பைத் தின்னும் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

முதல் வேலையாக, இயற்கையான வாழிடத்தைச் சரி செய்தார்கள். பாறைக்குப் போகிற வழியில் இருந்த புதர்களை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் தொட்டிச்செடி வைத்தார்கள். வளைந்து நின்ற ஒரு மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாயைத் திறந்துகொண்டு நிற்கிற முயல் வடிவத்தில் குப்பைத்தொட்டி வந்தது. நிஜ முயல்கள் அதைப் பார்த்துவிட்டு மலையின் அந்தப் பக்கத்துக்குக் குடிபோய்விட்டன. பாறைக்கு முன்னால் ஒரு கயிறு கட்டி, "இயற்கையான வாழிடம் இங்கே தொடங்குகிறது" என்று பலகை மாட்டினார்கள்.

வழிகாட்டியாக வேலாண்டி என்கிற வரையாட்டைப் போட்டார்கள். பாறைக்குப் பாறை தாவிப் பிழைத்துக்கொண்டிருந்தவன். தொப்பி கொடுத்த அன்றிலிருந்து அவன் தாவுவதை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

முதல் வரிசையில் முதல் ஆளாக வந்தவர் தங்கப்பழம் என்கிற எருமை. சமவெளிக்காரர். மனைவி கனியம்மாவும் கூட வந்திருந்தாள். இரண்டு பேர் கழுத்திலும் போன் தொங்கியது.

"எங்கய்யா இருக்கு?" என்றார் தங்கப்பழம்.

"அந்தா சார். பாறை மேல காய்ஞ்ச சருகு கிடக்குல்லா, அதுக்கு இடது பக்கம்."

"சருகுதான்யா தெரியுது."

"அதான் சார் பாம்பு."

"அப்ப சருகு எங்க?"

"நீங்க கல்லுன்னு நினைச்சீங்கள்லா, அதான் சார் சருகு."

கனியம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலயே. நம்ம தொழுவத்துப் பின்னால கிடக்கிற சாக்கு மாதிரிதான் தெரியுது. இதுக்கா இம்புட்டுத் தூரம் ஏற விட்டீங்க?"

"இயற்கையான வாழிடத்துல அப்படித்தான்மா தெரியும்" என்றான் வேலாண்டி.

"தெரியாம இருக்கிறதுக்கு வீட்லயே இருந்திருப்பேனே."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வேலாண்டிக்குப் பயம் வந்துவிட்டது. காலால் ஒரு கூழாங்கல்லைத் தட்டி விட்டான். அது உருண்டுபோய் மாடத்தியின் விலாவில் இடித்தது. அவள் தலையைத் தூக்கினாள். வாலை நிமிர்த்தினாள். கிலுகிலுவென்று சத்தம் கிளம்பியது.

"நான் இருக்கேன், பாத்துப் போ."

வரிசை மொத்தமும் கைதட்டியது.

"பாத்தியா, நமக்கு வணக்கம் சொல்லுது" என்றார் தங்கப்பழம்.

"எங்க அக்கா பேரனுக்கு இதே மாதிரி ஒண்ணு வாங்கிக் கொடுத்தோம்லா" என்றாள் கனியம்மா. "ஆனா இந்தச் சத்தம் இன்னும் நல்லாருக்கு. கொஞ்சம் கிட்டப் போங்க. போன்ல விழ மாட்டேங்குது."

கிட்டப் போனார்கள். மாடத்தி இன்னும் பலமாக ஆட்டினாள். இன்னும் கிட்டப் போனார்கள். எருமை இரண்டும் கயிற்றின் மேல் சாய்ந்து நின்றபோது அவற்றின் நிழல் பாறை முழுவதையும் மூடியது. மாடத்திக்கு முதுகில் குளிர் ஏறியது. வாலை ஆட்டி ஆட்டிக் களைத்துப்போய்ப் பிளவுக்குள் புகுந்தாள்.

"நிகழ்ச்சி முடிஞ்சிட்டா?" என்றாள் கனியம்மா. "வாசல்ல இன்னும் நிறைய நேரம்னு சொன்னாங்களே."

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தளவாய் தலையை நீட்டினார்.

"என்ன மதினி, உனக்கு ஒரே கைதட்டலு. என் வயசுக்காகக்கூட ஒருத்தன் தட்டலயே."

"கொழுப்பு பேசாதிய அண்ணாச்சி. போங்கன்னு சொன்னா வாராவ. இன்னும் சத்தமாச் சொன்னா இன்னும் கிட்ட வாராவ. இவுகளுக்குப் போங்கன்னு எப்படித்தான் சொல்லுதது?"

"சும்மா இருந்து பாரேன்."

"சும்மா இருந்தா கல்லு எறியுதான்."

தளவாய் சரிவை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அப்பம் வேற பாறைக்குப் போயிரு" என்றார்.

"இந்த வயித்தோட எங்க ஏற? மேல இருக்க பாறையில தேநீர்க் கடை. அதுக்கு அங்கிட்டு இருக்கதுல நின்னு படம் எடுக்காவ. ஓடைப்பாறைய எதுக்குப் புழங்குதாவன்னு உமக்கே மூக்கு சொல்லும்."

அடுத்த வாரம் அதை விடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. பாறைக்குக் கிழக்கே பிளெக்ஸ் பேனர் வைத்தார்கள். இரண்டு மூங்கிலுக்கு நடுவில் யானை உயரத்துக்கு நின்றது. "இயற்கையின் காவலரே, மலையின் மாணிக்கமே, வருக வருக" என்று மேலே எழுத்து. நடுவில் தோகை விரித்த நவரத்தினம். அவருக்கு இரண்டு பக்கமும் அவர் மைத்துனர்கள். கீழே மூலையில், மூங்கிலில் கட்டுகிற கயிறு பாதி மறைத்த இடத்தில், ஒரு பாம்புப் படம். அது படமெடுத்து நிற்கிற நல்லபாம்பு. அந்தக் காட்டில் யாரும் அதை முன்னே பின்னே பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் வெயில் வந்தது. நவரத்தினத்தின் தோகையில் வந்து விழுந்தது. அதைத் தாண்டி வரவில்லை. பாறை முழுவதும் நிழல்.

மாடத்தி நிழலில் காத்துக் கிடந்தாள். வெயில் பேனரைத் தாண்டி மேலே ஏறுவதற்குள் வரிசை வந்து முன்னால் நின்றுவிட்டது. அது கலைவதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் வெயில் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அவள் வயிற்றுக்குள் புரண்டுகொண்டிருந்த குட்டிகள் புரள்வதைக் குறைத்துக்கொண்டன. பிறகு எப்போதாவது ஒருமுறைதான் அசைந்தன.

"அண்ணாச்சி, எனக்கு நாள் நெருங்கிட்டு. இந்தச் சீலைய அவுக்காட்டா என் பிள்ளைய பொறக்காது. நீரு போய்த் தலைவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லும். நான் போனா அவரு என்னைய மத்தியானச் சாப்பாட்டுக்கு வச்சுக்கிடுவாரு."

தளவாய் போனார். தலைவரைப் பார்க்கவும் ஒரு வரிசை இருந்தது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் தலைவரைப் பாராட்ட வந்தவர்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை. குறை சொல்ல வந்தவர்களுக்குக் கடைசியில் தனி வரிசை. பொழுது சாய்கிற நேரத்தில் தளவாயை உள்ளே விட்டார்கள்.

"தலைவரே, அந்தப் பேனரு வெயில மறைக்கு. மாடத்தி பிள்ளை உண்டாயிருக்கா. காலை வெயிலு இல்லன்னா செத்துப் போவா."

நவரத்தினம் கழுத்தைச் சாய்த்துக் கேட்டார். கேட்பதில் அவர் கெட்டிக்காரர்.

"அவங்களுக்காகத்தானே பேனரே வச்சிருக்கோம். அவங்க படம்கூட இருக்கே."

"அது நல்லபாம்பு படமுல்லா?"

"பாம்புதானே. இனத்தப் பிரிச்சுப் பேசாதீங்க, எனக்குப் பிடிக்காது."

"கொஞ்சம் மேக்கால மாத்தி வச்சா..."

"மேற்கால வச்சா வாரவங்களுக்கு என் முதுகுதான் தெரியும்." தலைவர் சற்று யோசித்தார். "அவங்களுக்கு மனக்குறை. எனக்குப் புரியுது. இவ்வளவு பேர் வந்து பாக்காங்க, நாம முறையா ஒரு மரியாதை செய்யல. செஞ்சிருவோம். பாராட்டு விழா."

தளவாய் வாயைத் திறந்தார். "நன்றியெல்லாம் வேண்டாம், போயிட்டு வாங்க" என்றார் தலைவர்.

தளவாய் செய்தியைக் கொண்டுவந்து மாடத்தியிடம் சொன்னார்.

"வெயில் கேட்டேன் அண்ணாச்சி."

"அத நல்லாத்தான் சொன்னேன். அவரு பொன்னாடைன்னு எடுத்துக்கிட்டாரு."

அந்தக் காட்டில் பொன்னாடை ஒன்றுதான் உண்டு. சிவப்புத் துணி, மஞ்சள் சரிகை. விழாவுக்கு விழா அதையேதான் போர்த்துவார்கள். போர்த்தியதும் படம் எடுப்பார்கள். படம் எடுத்ததும் பின்னால் நிற்கிற ஆள் மெதுவாக உருவி, மடித்து, அடுத்தவருக்குத் தயாராக வைப்பார். மடிக்கிற கை மேடைக்குத் தெரியாது. போர்த்தப்பட்டவரும் தோளைத் தடவிப் பார்க்க மாட்டார். அதுதான் அங்கே மரியாதை. கரடி, காட்டெருமை, கழுதைப்புலி, எல்லோர் தோளிலும் அது ஏறி இறங்கியிருக்கிறது. எல்லோருடைய வாசனையும் அதில் கொஞ்சம் உண்டு. காட்டுப்பன்றி தோளில் மட்டும் ஏறியதில்லை. விழா எப்படித் தொடங்கினாலும் கடைசியில் பொன்னாடை நவரத்தினம் கழுத்துக்கு வந்து சேரும். அங்கே வந்த பிறகு அதை யாரும் உருவுவதில்லை. அடுத்த விழா வரைக்கும் அது அவர் வீட்டில்தான் இருக்கும்.

விழா நாள் வந்தது. பாறைக்கு எதிரே மேடை. மேடையில் சிறப்பு விருந்தினராகத் தங்கப்பழம். பாம்பைச் சரியாகக் காட்டவில்லை என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததால், வாயை அடைக்க அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள். நாற்காலி அவருக்குச் சிறியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கனியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து முறுக்கு தின்றாள்.

மாடத்தி பாறையில் சுருண்டு கிடந்தாள். எழுந்து வாலை ஆட்டக்கூடத் தெம்பு இல்லை. வயிற்றில் அசைவு நின்றுபோய் ஒரு பொழுது ஆகியிருந்தது.

படம் எடுக்கிறவர் ஒரு கொக்கு. ஒற்றைக்காலில் நின்று கேமராவில் கண்ணை வைத்தவர், கண்ணை எடுத்தார்.

"தலைவரே, படம் கறுப்பா விழும். பாம்பு மேல வெளிச்சமே இல்ல. பேனர் மறைக்குது."

"அப்படியா? எடுங்கப்பா அந்தப் பேனர. உடனே எடுங்க" என்றார் நவரத்தினம். "படம் நல்லா விழணும்லா."

ஆட்கள் ஓடிவந்து மூங்கிலைச் சாய்த்துப் பேனரைப் பாறையின் ஒரு ஓரத்தில் கிடத்தினார்கள்.

வெயில் வந்து மாடத்தியின் மேல் விழுந்தது. ஒரு உயிர் போகிறது என்று கேட்டபோது நகராத பேனர், படம் கறுப்பாக விழும் என்றதும் நகர்ந்தது.

அவள் அசையவில்லை. கண்ணை மூட அவளுக்கு இமை இல்லை. இருந்திருந்தால் மூடியிருப்பாள்.

"இப்போது நம் மண்ணின் பெருமை, அன்புச் சகோதரி மாடத்தி அவர்களுக்குச் சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்துவார்" என்று வேலாண்டி மைக்கில் சொன்னான்.

தங்கப்பழம் மனைவியைப் பார்த்தார். கனியம்மா தலையை ஆட்டினாள். போ என்று ஆட்டவில்லை. கடைசியில் ஒரு நீளத் துரட்டியைக் கொண்டுவந்து, அதன் கொக்கியில் பொன்னாடையை மாட்டி, தங்கப்பழம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அதை மாடத்தியின் மேல் போட்டார். தலையும் வாலும் சேர்ந்து மூடிக்கொண்டன. கொக்கு படம் எடுத்தது. படத்தில் சிவப்புத் துணி ஒன்று பாறை மேல் கிடந்தது. பின்னால் நவரத்தினம் நன்றாக விழுந்திருந்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் பொன்னாடையை உருவ வேண்டும். அது வேலாண்டியின் வேலை. அவன் பாறையைப் பார்த்தான். பிறகு மைக்கைப் பார்த்தான். மைக் பக்கம் போய், "அடுத்ததாகத் தலைவர் அவர்களின் சிறப்புரை" என்று சொல்லிவிட்டான்.

சிறப்புரை தொடங்கியது. தலைவர் தன் இளமைக் காலத்திலிருந்து ஆரம்பித்தார். முட்டைக்குள் இருந்தபோதே தனக்கு இயற்கை மேல் இருந்த பற்றைச் சொன்னார். முன்வரிசைக் குரங்குகள் தூங்கி விழுந்தன. வெயில் ஏறியது. வெயிலும் சரிகைத் துணியும் கல்லும் சேர்ந்து, துணிக்கு அடியில் அடுப்படி மாதிரி ஒரு வெதுவெதுப்பு உண்டாயிற்று. அத்தனை நாளும் கிடைக்காத சூடு மொத்தமாக வந்தது. மாடத்தியின் வயிற்றில் ஒன்று புரண்டது. பிறகு இன்னொன்று. தலைவர் இளமைக் காலத்தைத் தாண்டித் தன் முதல் தோகைக்கு வருவதற்குள், பொன்னாடைக்குள்ளே மாடத்தி குட்டிகளைப் பெற்றுவிட்டாள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் தடிமன். எல்லாம் உயிரோடு இருந்தன.

இந்த இனத்துக் குட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிறக்கும்போதே பல் உண்டு. பல்லில் விஷம் உண்டு. கிலுகிலுப்பை மட்டும் கிடையாது. வால் நுனியில் பொத்தான் மாதிரி ஒரு மொட்டு இருக்கும். அதை எவ்வளவு ஆட்டினாலும் சத்தம் வராது. தோலை உரித்து உரித்துத்தான் சத்தம் சேரும். சத்தம் கொடுக்காமல் கடிக்கக் கூடாது என்கிற குலக் கட்டுப்பாட்டையும் பிறகுதான் சொல்லித் தர வேண்டும்.

குட்டிகள் பொன்னாடையின் மடிப்புகளுக்குள் நுழைந்துகொண்டன. சரிகை இருந்த பக்கம் கூடுதல் சூடு.

உரை முடிந்தது. "இறுதியாக, நம் தலைவர் அவர்களுக்குப் பொன்னாடை" என்றான் வேலாண்டி. அப்போதுதான் பொன்னாடை எங்கே இருக்கிறது என்பது அவனுக்கு நினைவு வந்தது. தலைவர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டார். இனிமேல் யோசிக்க நேரம் இல்லை. வேலாண்டி துரட்டியை எடுத்துக் கொக்கியைத் துணியில் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தான். துணி சுருண்டு மூட்டையாக வந்தது.

மாடத்தியின் மேலிருந்து மூடாக்கு விலகியது. அவள் பாறையைப் பார்த்தாள். குட்டிகள் ஒன்றுகூட இல்லை. துணியைப் பார்த்தாள். அது கயிற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பிறந்ததிலிருந்து ஆட்டாத ஆட்டமாக அவள் வாலை ஆட்டினாள். உடம்பு முழுவதும் அதிர்ந்தது. ஓடை வரைக்கும் கேட்டது. "அதுக்குள்ள என் பிள்ளைய இருக்கு, வையுங்க, கீழ வையுங்க."

சபை எழுந்து நின்று கைதட்டியது.

"பாருங்க, எவ்வளவு நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லுது" என்றார் தங்கப்பழம்.

"முறுக்க வச்சிட்டு வீடியோ எடுக்கேன், இருங்க" என்றாள் கனியம்மா.

தளவாய் பாறையிலிருந்து இறங்கி மேடையை நோக்கி ஓடினார். "ஏ வேலாண்டி, துணிய உதறுல. உதறிட்டுப் போடுல."

"அண்ணாச்சி, மேடைய மறைக்காதிய" என்றான் வேலாண்டி. பொன்னாடையை விரித்து, தலைவரின் நீண்ட நீலக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டான்.

குட்டிகளுக்குத் திடீரென்று சூடு போய் இறகு வந்தது. யார் என்ன என்று அவை விசாரிக்கவில்லை. சத்தம் கொடுக்க அவற்றிடம் ஒன்றும் இல்லை. வாயில் இருந்ததைக் கொண்டு கடித்தன.

நவரத்தினத்தின் கண்கள் அகன்றன. அலகு திறந்தது. சத்தம் வரவில்லை. கால்கள் மடங்க, தோகை தானாக விரிய, மேடையில் மெதுவாகச் சரிந்தார்.

"உணர்ச்சிவசப்பட்டுட்டாரு" என்று வேலாண்டி மைக்கில் சொன்னான். மறுபடியும் கைதட்டினார்கள்.

பிறகு பொன்னாடைக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு யாரும் கைதட்டவில்லை. முதலில் ஓடியவர் சிறப்பு விருந்தினர். நாற்காலி அவரோடேயே போயிற்று. கனியம்மா அவரை முந்திப் போனாள். வேலாண்டி தொப்பியை விட்டுவிட்டு, பழையபடி பாறைக்குப் பாறை தாவினான். நன்றாகத்தான் தாவினான். கொக்கு மட்டும் ஒரு படம் எடுத்துவிட்டுப் பறந்தது.

தளவாய் பொன்னாடையின் ஒரு நுனியை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு பாறைக்கு வந்தார். மாடத்தி கயிற்றுக்கு வெளியே பாதி வழி வரைக்கும் வந்திருந்தாள். அவர் வாயைத் திறந்து துணியை விட்டார். குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவள் ஒவ்வொன்றையும் நாக்கால் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

"ஒண்ணு என்னையும் பாத்து வாயத் தொறந்துச்சு மதினி" என்றார் தளவாய். "மாமன்னு சொல்லி வையி."

நவரத்தினம் சாகவில்லை. குட்டிகளின் பல்லுக்கு இறகு தடிமனாக இருந்ததால் பாதி விஷம்தான் உள்ளே போயிற்று. கழுத்து மட்டும் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி அப்படியே நின்றுவிட்டது. குரல் போய்விட்டது. அதன் பிறகு கூட்டங்களில் அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஆழ்ந்து யோசிக்கிற தலைவர் என்று பெயர் வந்தது. அடுத்த முறை தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. காட்டுப்பன்றி நிற்கலாம் என்று நினைத்தது. ஊற்றில் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

நடந்ததை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். தலைவரின் மைத்துனர்கள்தான் குழு. அவர்கள் தீர விசாரித்து முடிவு சொன்னார்கள். கிலுகிலுப்பைப் பாம்பு கடிப்பதற்கு முன்னால் சத்தம் கொடுக்கும். தலைவரைக் கடித்தது சத்தம் கொடுக்கவில்லை. ஆகையால் தலைவரைக் கடித்தது கிலுகிலுப்பைப் பாம்பு இல்லை. மேலும் அந்த நேரத்தில் மாடத்தி பாறையில் இருந்தபடி நன்றியுரை வழங்கிக்கொண்டிருந்ததைச் சபையே பார்த்திருக்கிறது. கடித்தது எது என்று தெரியாததால், அது எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒன்று அந்தப் பக்கம் நடமாடுவதால், பாறைக்குப் போகிற பாதையை மூட வேண்டும்.

மூடிவிட்டார்கள். மாடத்தி வாரக்கணக்காக வாலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்ததை, சத்தமே இல்லாமல் குட்டிகள் ஒரு கணத்தில் புரியவைத்துவிட்டன.

பேனரை யாரும் வந்து எடுக்கவில்லை. அது பாறையிலேயே கிடந்தது. பிளெக்ஸ் துணி வெயிலில் நன்றாகச் சூடேறும். மாடத்தியும் குட்டிகளும் காலையில் நவரத்தினத்தின் அகன்ற முகத்தில் படுத்துக்கொள்வார்கள். மைத்துனர்கள் பக்கம் தளவாய் படுத்துக்கொள்வார். அவர் அந்தத் தலைவரால் அடைந்த நன்மை அது ஒன்றுதான்.

குட்டிகள் தோலை உரித்தன. மீண்டும் உரித்தன. ஒரு நாள் மூத்தது வாலை அசைத்தபோது லேசாகக் கிலுக்கென்று ஒரு சத்தம் வந்தது. அது பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தது.

"எம்மா, இது என்னது?"

மாடத்தி பார்த்தாள். அவளுடைய அம்மா அவளுக்குச் சொன்னது, அதற்கு முன் அந்த அம்மாவுக்கு அவள் அம்மா சொன்னது, எல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. நான் இருக்கேன், பாத்துப் போ. சொல்லலாம் என்று வாயெடுத்தாள். கீழே சரிவில் இரண்டு பேர் பேனருக்கு மூங்கில் அளந்துகொண்டிருந்தார்கள். புதுப் பயணமாம். சத்தம் போடாத பாம்பை அதன் இயற்கையான வாழிடத்திலேயே காணலாமாம்.

"அது விழாவுக்கு மக்கா" என்றாள். "பத்திரமா வச்சுக்கோ. மத்த வேலைக்கெல்லாம் வாயில பல்லு இருக்கு."

நீதி: போர்த்திய பொன்னாடையைத் திரும்ப எடுப்பவர்கள், நன்றாக உதறி எடுக்க வேண்டும்.